வைத்தியரைப் பிடித்த வியாழக்கிழமை

மச்சான்,

இன்றைக்கு ஒரு பழைய கணினியைக் கழற்றினேன். மூடியைத் தூக்கியதும் கருகிய தூசியும் சூடேறிய செப்புச் சுருளும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. நிலாவெளி ஹோட்டல்காரர் ஒருவருடைய பெட்டி. "எப்ப தருவியள்?" என்று அவர் மூன்று தரம் கேட்டார். நானோ மனத்தால் உன்னோடு, நாங்கள் வேலை செய்த அந்தப் பழைய கடையின் பின்னறையில் இருந்தேன்.

குண்டுச் சத்தத்தில் இரண்டு தரம் கண்ணாடி உடைந்தபின், முதலாளி ஜன்னலையே செங்கல் வைத்து அடைத்துவிட்ட அறை. கடையின் முன்பக்கம் நீ ஆட்களுக்கு இங்கிலீஷில் கடிதம் தட்டினாய். பின்னால் நான் பழுது பார்த்தேன். கொழும்பிலிருந்து நீ கொண்டுவந்த அந்தச் சீடியைப் போட்ட முதல் நாள் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சுடுவதில்லை, ஓடுவதில்லை. ஒரு படம், கீழே எழுத்து. மவுசை அமத்தினால் அடுத்த வசனம்.

"இது விளையாட்டே? வாசிக்கிறதெண்டால் புத்தகம் இருக்குத்தானே."

"புத்தகம் நீ ஆரைப் பிழையாச் சந்தேகப்பட்டாலும் தன்ட பாட்டில கொலைகாரனைக் காட்டித் தரும். இது தராது. நீதான் கைகாட்டணும். பேசாம இரி."

இருந்தேன். தீவில் ஒரு பங்களா. எல்லாரும் மேசையில் சாப்பிடும்போது விளக்கு அணைகிறது. திரும்ப எரியும்போது வீட்டுக்காரக் கிழவர் கத்திக்குத்தோடு கிடக்கிறார். மிச்சம் ஏழு பேர். நீ ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லுவாய், ஆளுக்கொரு குரலில். பணக்கார விதவை, கிண்ணியாப் பாதையில் இடம் பிடிக்கச் சண்டை போடும் பொம்பிளை மாதிரிக் கத்துவாள். பாதை என்று நீங்கள் சொல்லும் அந்த மிதவையில் தினமும் கடல் கடந்து வந்த உனக்கு அந்தக் குரல் அத்துப்படி.

இரண்டாவது கிழமை நான்தான் உன்னைக் கூப்பிட்டேன், "வா, தொடங்குவம்" என்று. அதுவும் என்னுடைய பழுது பார்க்கும் வேலைதான் என்று அப்போது விளங்கியது. பழுதான பெட்டியில் எல்லாப் பாகமும் தான் நல்லது என்றுதான் சொல்லும். ஒன்று பொய் சொல்லும். அதைப் பிடிக்கவேண்டும். ஏழு பேருடைய வாக்குமூலத்தையும் நேரப்படி கட்டம் போட்டு எழுதினேன். வேலைக்காரப் பிள்ளையின் நேரம் ஒத்துவரவில்லை.

"அவள்தான். கைகாட்டு, முடி" என்று அவசரப்பட்டேன்.

"பயந்து நடுங்கினவள் மணிக்கூடு பார்த்துக்கொண்டு நிப்பாளோ?"

"பிழைச்சால் என்ன? இந்த இடத்தைக் கொப்பி பண்ணி வைச்சிருக்கிறன். திரும்பத் தொடங்கலாம்."

நீ கணினிக்குள் நான் வைத்திருந்த கொப்பியைத் தேடி எடுத்து, என் கண்முன்னாலேயே அழித்தாய். "உள்ளுக்குப் போறவளுக்குத் திரும்பத் தொடங்க ஏலாது" என்றாய். ஆரோ ஒருவன் ஆமிக்குக் கைகாட்டியதில் உன் சாச்சியின் மகன் பதினொரு நாள் உள்ளே இருந்து வந்தவன். எனக்கும் தெரியும். விட்ட இடத்தை விளையாட்டு தானே நினைவில் வைத்திருக்கும்; அன்றிலிருந்து எங்கள் சட்டம்: திரும்பிப் போகக் கொப்பி இல்லை. ஒரு கதைக்கு ஒரே ஒரு கைகாட்டல்.

பிறகுதான் உன் நெஞ்சுச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை நீ கொழும்புக்கு, அங்கே ஒப்பரேஷன். "என்ட கல்பில ஓட்டையாம், மச்சான். கொலைகாரன் ஆரெண்டு தெரியாம நான் மயக்க ஊசி போட மாட்டன்" என்று சிரித்தாய். மவுசில் இருந்த உன் விரல்கள் சிரிக்கவில்லை. மிச்சம் இருந்தது வியாழக்கிழமை மட்டும்.

அன்று மத்தியானம் வைத்தியருடைய வாக்குமூலத்தை நீ ஐந்தாம் தரம் வாசித்தாய். "விளக்கு அணைந்த அந்த நொடியே, வேலைக்காரப் பெண் கத்தியோடு மேசையைச் சுற்றி ஓடுவதைக் கண்டேன்." அத்தோடு எங்களுக்கும் கறண்ட் நின்றது. டோர்ச்சைத் தடவப்போய் நான் பிளேன்ரீக் கோப்பையை உன் மடியில் கொட்டினேன்.

"எருமை! கண் தெரியாதோ?"

"என்ர கையே எனக்குத் தெரியேல்ல. நல்ல வெளிச்சத்தில இருந்துபோட்டுத் திடீரெண்டு இருட்டானால்..."

இருட்டுக்குள்ளிருந்து நீ மெதுவாக: "அப்ப, அந்த வைத்தியர் மட்டும் இருட்டில என்னெண்டு கண்டவர்?"

நாள் தவறாமல் கறண்ட் நின்று இருட்டில் சுவரில் முட்டுகிற எங்களுக்கு அது விளங்க மூன்று கிழமை பிடித்தது! வெட்கத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் கறண்ட் இல்லை. பாதை ஆறு மணியோடு நின்றுவிடும். நாலரைக்கு நீ கிளம்பவேண்டும். நாலு பத்துக்குக் கறண்ட் வந்தது. கணினியோ தன்னைத்தானே சோதிக்கத் தொடங்கியது. நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று...

"நீ போ. நான் பார்த்துச் சொல்லுறன்."

"பாதை போனாப் போகட்டும். நீந்திப் போவன்."

"ஓட்டை நெஞ்சோட நீந்துவியோ, விசரா?"

நாலரை தாண்டியது. வைத்தியருடைய பெயரை அமத்தினோம். எந்த வசனம் பொய் என்று கேட்டது. உன் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அமத்தினாய். திரை கறுத்தது. வைத்தியருடைய முகம் வந்தது, இவ்வளவு நாளும் மாறாமல் இருந்த அந்தச் சிரிப்பு இல்லாமல். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

நான் போட்ட கூச்சலில் எதிரே காவல் சென்ரியில் நின்ற ஆமிக்காரன் துவக்கோடு உள்ளே வந்துவிட்டான். "என்ன சத்தம்?"

நீ கதிரையில் ஏறி நின்றுகொண்டு, "கொலைகாரனைப் பிடிச்சிட்டம், சேர்!" என்றாய்.

அவன் குனிந்து திரையை வடிவாகப் பார்த்தான். "டொக்டர்?"

"ஓம் சேர், டொக்டர்."

"எனக்கும் டொக்டர் பயம்" என்று சிரித்துக்கொண்டு போனான்.

சைக்கிளில் உன்னை ஏற்றிக்கொண்டு, பாதைத் துறைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க பஸ் நிலையத்துக்குப் பறந்தேன். கடைசிப் பாதை உனக்குக் கிடைத்தது. ஒப்பரேஷன் சரிவந்தது. ஐந்தாம் நாள் வார்டிலிருந்து கோல் எடுத்தாய். சுகம் சொல்லவில்லை. "இரண்டாம் பாகம் வந்திருக்காம். தேடு" என்றாய்.

தைத்த அந்த நெஞ்சு இன்னும் மூன்று வருஷம் ஓடியது. ஐந்து கதைகள் முடித்தோம். ஒருவரையும் பிழையாகக் கைகாட்டவில்லை. பிறகு அது நின்றது. அதைப்பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

மற்ற எல்லாவற்றிலும் நான் அதே அவசரக்காரன்தான். ஆனால் யாராவது ஒருவனைப் பார்த்து "இவன்தான்" என்று விரல் நீட்டினால் மட்டும் நான் அவசரப்படாமல் இருந்துவிடுகிறேன். "நீ என்னெண்டு கண்டனி?" என்று கேட்கிறேன். ஆட்களுக்கு என்மேல் கோபம். வரட்டும்.

போன கிழமை புதிது ஒன்று முடித்தேன். ஒன்பது பேர். எல்லாக் குரலும் நானே போட்டேன், படு கேவலமாக. கொப்பி எடுக்கவில்லை. ஒரே ஒரு கைகாட்டல். சரியாகப் பிடித்தேன், மச்சான்.