உங்கள் பிரவுசரில் இந்தப் பக்கம் திறக்காது

ஜூன் 9
ஒத்தக்கடை வரை இன்றும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். ஆபீஸில் புது வேலை. காது கேளாத குழந்தைகளுக்கு ஒரு அறக்கட்டளை இலவசமாக ஆபரேஷன் செய்கிறது; இடங்கள் கொஞ்சம்தான், முந்துகிறவர்களுக்கு. அதற்குப் பதிவு செய்யும் வெப்சைட்டை இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 11
சர்வரில் பதிவானதைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். யார் உள்ளே வந்தாலும் அவர்களுடைய பிரவுசர் தன் பெயரைச் சொல்லும். தெரிந்த நாலைந்து பெயர் என்றால்தான் எங்கள் புரோகிராம் பதிவுப் படிவத்தைக் காட்டுகிறது. இல்லையென்றால், ‘உங்கள் பிரவுசரில் இந்தப் பக்கம் திறக்காது’ — அவ்வளவுதான். விலை குறைந்த போன்களில் கூடவே வருகிற பிரவுசர்கள் ஒன்றுகூட அந்த நாலைந்தில் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். யார், எந்த ஊர்? பெயர் இல்லை. போன் மாடல் மட்டும்தான் இருக்கிறது.

ஜூன் 12
டீம் லீட் அசோக்குமாரிடம், புரோகிராமில் பிரவுசர் பெயரைப் பார்க்கிற அந்த ஒரு வரியை எடுத்துவிடலாம் என்றேன்.
“அறக்கட்டளைக்காரவுக கேட்டுத்தான் வச்சுருக்கு தாமரை. டெஸ்ட் பண்ணாத பிரவுசர்ல ஏதாச்சும் தப்பாப் போனா நம்மளைத்தான் கேப்பாக. மெயில் போட்டுருக்கேன், பதில் வரட்டும்.”
அவர் சரி சொல்லாமல் நான் எதையும் மாற்ற முடியாது.

ஜூன் 13
பதில் வரவில்லை.

ஜூன் 14
உதவி எண்ணுக்கு வந்த போனை நான் எடுத்தேன். உக்கிரபாண்டி என்றார், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மகளுக்குக் காது கேட்காது.
“எம்புட்டுத் தடவை அமுக்குனாலும் தொறக்க மாட்டேங்குது தாயி. எம் போன்லதான் கோளாறா?”
உங்க போன்ல ஒண்ணுமில்லண்ணே என்றேன். காலையில் மகளின் டாக்டர் சர்டிபிகேட்டோடு ஆபீஸுக்கே வரச் சொல்லியிருக்கிறேன், நானே பதிந்து தருவதாக. இவராவது கூப்பிட்டார். கூப்பிடாதவங்களை நான் எங்க போய்த் தேடுவேன்?

ஜூன் 15
மகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். கடைசிப் பட்டனை அமுக்கியதும், ‘இடங்கள் நிரம்பிவிட்டன.’ அறக்கட்டளைக்குப் போன் அடித்துக் கெஞ்சினேன். இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். பிள்ளை என் கீபோர்டைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.
“சரி தாயி, வாரேன்” என்று கிளம்பிவிட்டார். திட்டியிருக்கலாம். ஏன் திட்டல?

ஜூன் 19
மெயிலுக்குப் பதில் வந்துவிட்டதாம். அந்த வரியை எடுக்கச் சொன்னார் அசோக்குமார். எடுத்தேன்.
சாயங்காலம் உக்கிரபாண்டி கூப்பிட்டார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.
“தாயி, இப்ப எம் போன்லயே தொறக்குது! எழுத்துதான் பொடிசா இருக்கு, படிக்க முடியல. புதுசா இடம் விட்டுருக்காகளா?”
“இல்லண்ணே” என்றேன்.