பச்சைப் பட்டை போட்ட சட்டை

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
17 ஜூலை 2025, வியாழன்

மகாவின் அப்பாவுக்கு,

நானும் மகாவும் வீட்டில்தான் இருக்கிறோம். பிரதீஷ் உயிரோடு இருக்கிறான். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் நிதானமாகப் படிக்கலாம். போனில் சொன்னால் நடுவில் ஏதாவது பதில் சொல்வீர்கள், இல்லையென்றால் மீட்டிங் என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் புனே ஓட்டல் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன். தமிழில் எழுதியிருப்பதால் உங்கள் கூட இருப்பவர்கள் படிக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை என் தம்பி பிரதீஷுக்கு அடிபட்டுவிட்டது என்று சொன்னபோது, ஸ்கூட்டரா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அது பொய். போலீஸ் ஸ்டேஷனில் மூன்று முறை சொன்னதை இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

காலை எட்டேகாலுக்கு மகாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காக பிரதீஷ் வந்தான். நல்ல மழை. கார்ப்பரேஷன் சீருடை தொப்பலாக நனைந்திருந்தது. பீரோவில் கீழ் அடுக்கைத் திறந்தேன். ஆட்களின் வேலையைக் கணக்கெடுக்க நீங்கள் போகிற கம்பெனிகள் தரும் சட்டைகள் அங்கேதானே கிடக்கின்றன. என் அப்பா ஹைதராபாத் சிமெண்ட் கம்பெனிச் சட்டையில் மீன் வாங்கப் போகிறார். நம் வீட்டுத் தரை துடைக்கும் துணியில் ஒரு வங்கியின் பெயர் இருக்கிறது. நான்கு வருடமாக நம் குடும்பத்தில் யாரும் வீட்டுச் சட்டை என்று தனியாக வாங்கியதில்லை. சாம்பல் நிறத்தில், தோளில் பச்சைப் பட்டை போட்ட ஒன்று பிரிக்காமல் புதிதாக இருந்தது. எந்த ஊர்ச் சட்டை என்று நான் பார்க்கவில்லை. அதை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

மசாலாக் குடோன் வாசலில் போராட்டப் பந்தல் போட்டு ஆறு வாரமாகிறது. வேலை போன இருபத்திமூன்று சுமைதூக்கும் தொழிலாளிகளும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். அங்கே நடந்ததை எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் ரமேஷ்பாபுவும் மகாவும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன.

அந்தத் தொழிலாளிகளில் ஒருவரான தங்கப்பண்ணன் பந்தலிலிருந்து இறங்கி வந்து ஸ்கூட்டரை மறித்தாராம். "உன் அத்தான் நாங்க தூக்குறதை எண்ணிட்டுப் போனான். மச்சினன் நீ இந்தக் குடோன் சட்டையை மாட்டிக் காட்ட வந்தியோடா?" என்று கேட்டாராம். பிரதீஷ் சிரித்திருக்கிறான். "என்ன அண்ணே, மழையில நனைஞ்சுட்டேன், அக்கா எடுத்துத் தந்தது, நல்லா இல்லையா?" என்றானாம். அந்தச் சிரிப்புதான் வினையானது என்கிறார் ரமேஷ்பாபு.

மூட்டையில் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி அவர் இடுப்பில் இருந்தது. முதல் குத்து இடது காறை எலும்புக்குக் கீழே இறங்கியது. மூட்டையை இழுப்பது போலவே இழுத்திருக்கிறார். எலும்பு முறிந்து, ஸ்கூட்டரோடு சாய்ந்தான். அடுத்த குத்தைத் தடுக்க வலது கையை நீட்டினான். கொக்கி உள்ளங்கையில் ஏறிப் புறங்கை வழியாக வெளியே வந்தது. அதைக் கழற்றுவதற்குக் கையை மிதித்துப் பிடித்துக்கொண்டாராம். மகா வண்டிக்கு அடியில் கிடந்தாள். சைலன்சர் பட்டு அவள் கெண்டைக்கால் வெந்திருக்கிறது. மொத்தம் ஐந்து குத்து என்று அவள்தான் எண்ணிச் சொன்னாள். டாக்டரும் ஐந்து என்றுதான் எழுதியிருக்கிறார். மூன்று விரல்கள் இனி மடங்காது. அந்தக் கையில் பிரதீஷால் இனி மண்வெட்டி பிடிக்க முடியாது.

இனி எழுதப்போவதை நான் போலீசில் சொல்லவில்லை. பகல் ஒரு மணிக்கு பிரதீஷோடு கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை வேலை செய்கிற நான்கு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். "சேச்சி, நாங்க ஒரு இடம் வரைக்கும் போயிட்டு வரோம்" என்றார்கள். ஒருவன் கையில் ஓடை மூடிக்கல்லை நெம்புகிற கடப்பாரை இருந்தது. எங்கே என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தங்கப்பண்ணன் வீட்டில் கதவை உடைத்து, அவரைத் தரையில் கிடத்தி வலது முழங்காலிலேயே அடித்திருக்கிறார்கள். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. குறுக்கே விழுந்த அவர் மனைவி சுமா சேச்சிக்கு நெற்றியில் ஏழு தையல். அண்டை வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்களாம்.

இப்போது இருவரும் ஒரே மாடியில் கிடக்கிறார்கள். பிரதீஷ் நாலாம் வார்டு. தங்கப்பண்ணன் ஆறாம் வார்டு. நேற்று மத்தியானம் கஞ்சி வாங்கும் வரிசையில் சுமா சேச்சி எனக்குப் பின்னால் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். என் காதுக்கருகில் வந்து மெதுவாகத்தான் பேசினார்.

"மோளே, மே மாசம் உன் ஆளு பத்தொன்பது நாள் இதே ஊர்ல, நான் கூட்டிப் பெருக்குற வைட்டிலா ஓட்டல்லதான் இருந்தாரு. முன்னூத்திநாலாம் நம்பர். சேச்சி, வீட்ல சொல்லாண்டாம், ஆபீஸ் ரகசியம்னாரு. நான் சொல்லலை. தினமும் துண்டு மாத்திக் குடுத்தேன். ஒரு நாள் மேசை மேல கம்ப்யூட்டர்ல எங்காளு மூட்டையோட நடக்கிறது தெரிஞ்சுது. எனக்கு அப்பவும் புரியலை. வேலை போனவங்க லிஸ்ட் ஒட்டின அன்னைக்குத்தான் வீட்ல சொன்னேன்."

இதை நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து போனில் உங்கள் மே மாதச் செய்திகளைப் பார்த்தேன். ஐந்தாம் தேதி விமான ஜன்னல் படம் போட்டிருக்கிறீர்கள். அதே மேகம், அதே இறக்கை பிப்ரவரியிலும் இருக்கிறது. வீடியோவில் பேசிய நாட்களிலெல்லாம் திரைச்சீலை மூடியே இருந்தது. பன்னிரண்டாம் தேதி மகாவுக்கு நூற்றுநான்கு டிகிரி காய்ச்சல். புனேயிலிருந்து இன்றைக்கு விமானமே இல்லை என்றீர்கள். அன்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக நான் வைட்டிலாவில்தான் பஸ் மாறினேன். இருபது நிமிடம் அங்கே நின்றேன்.

உங்கள் பயணங்களை நான் குறை சொன்னதில்லை. ஒழுகாத கூரை, மகாவின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஓட்டத்தில் வந்தவை. திங்கள் போய் வெள்ளி வருகிறவருக்கு வழியில் ஒன்றும் ஆகக்கூடாது என்று நான்கு வருடமாகப் பயந்திருக்கிறேன். நீங்கள் ஊருக்குள்ளேயே இருந்தபோதும் அதே பயத்தோடு இருந்திருக்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் உங்கள் அப்பா படியில் விழுந்தபோது ஆட்டோ கிடைக்காமல் முதுகில் சுமந்து ஓடியவர் தங்கப்பண்ணன். அவர் எவ்வளவு தூக்குவார் என்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பந்தலில் இருப்பவர்கள் நீங்கள் விமானத்திலிருந்து இறங்குவதற்காகக் காத்திருக்கிறார்கள். ஓடைக்காரர்கள் அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தச் சட்டை எப்படி வீட்டுக்கு வந்தது என்று எஸ்.ஐ. கேட்டார். தெரியாது என்றேன். இருபத்தாறாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். நான் பதில் சொன்னால் அது உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் இருக்கும். நீங்களே வந்து சொன்னால் இரண்டு பக்கமும் கடப்பாரையைக் கீழே போடுவார்களோ என்னவோ.

இருபத்தைந்தாம் தேதி வருவதாகச் சொன்னீர்கள். படம் எதுவும் போட வேண்டாம். வீட்டுக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். முதலில் ஆறாம் வார்டு, பிறகு நாலாம் வார்டு. இரண்டு பேரிடமும் மே மாதம் எங்கே இருந்தீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கூட நான் நிற்கிறேன். நான் ஓடைக்காரர்களைத் தடுக்காததையும் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மேல் ஒரு கீறலும் விழக்கூடாது என்று இப்போதும் விளக்கேற்றித்தான் வேண்டுகிறேன். அப்பா வருவார் என்று மகாவிடம் சொல்லியிருக்கிறேன். எங்கேயிருந்து என்று கேட்டாள்.

பத்திரமாக வாருங்கள்.

சுபாஷிணி