மருத்துவச்சி தேவை

சேலம்
ஈசுவர வருஷம், ஆனி 8 (22-6-1937)

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை சௌந்திரம் எழுதிக்கொள்வது.

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணி சென்னியம்மாள் நங்கையும் சுகமாக இருக்கிறீர்களா? நங்கை மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று ஜவுளிக்கடைக்கு வந்த நம் ஊர்க்காரர் சொன்னார். அண்ணன் எழுதாமல் அடுத்தவர் வாயால் கேட்கவேண்டி இருந்தது என்று கொஞ்சம் வருத்தம். ஆனாலும் சந்தோஷத்தில் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போன தடவை அவள் தாய்வீட்டில் நடந்ததைப்போல் இந்தத் தடவை நடக்கக்கூடாது. குழந்தையை ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூடக் கையில் வைத்திருக்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

என் படிப்பு முடிந்துவிட்டது. மருத்துவச்சிப் பரீட்சையில் தேறிவிட்டேன். லேடி டாக்டர் அம்மாள் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துப் பார்த்து, பதறாத கை என்று சொன்னார்.

இன்னொரு சங்கதி. நம் வேலங்காட்டுப்பட்டி பஞ்சாயத்து போர்டுக்குப் படித்த மருத்துவச்சி ஒருத்தி தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன். பிரசவம் பார்த்துவந்த மாரக்காள் கிழவி போய்ச் சேர்ந்த பிறகு ஊரில் யாருக்கு வலி எடுத்தாலும் ராசிபுரத்துக்கு வண்டி கட்டவேண்டி இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். விண்ணப்பத்தை மூடிய கவரில் பிரசிடெண்டுக்கு அனுப்பவேண்டும் என்று போட்டிருந்தது. அந்தப் பிரசிடெண்டு, என் இடுப்பில் சுரைப்புருடை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கியவர். அவருக்கு நான் கவர் அனுப்பிவிட்டேன்.

எனக்காக நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவேண்டாம். மற்றக் கவர்களோடு என் கவரையும் பிரித்தால் போதும். எனக்கு நம் ஊரில்தான் வேலை பார்க்கவேண்டும் என்று ஆசை, அதை மறைப்பானேன்?

அன்புள்ள தங்கை,
சௌந்திரம்


வேலங்காட்டுப்பட்டி
ஆனி 27 (11-7-1937)

அம்மிணி சௌந்திரத்துக்கு அண்ணன் மயில்சாமி ஆசீர்வாதம்.

இங்கே மழை ஒரு பாட்டம் பெய்து நிலக்கடலை விதைத்தாயிற்று. செவலைப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. உன் நங்கைக்கு வாந்தி நின்று இப்போது சோறு இறங்குகிறது.

நீ பரீட்சை தேறியது சந்தோஷம். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கவர் அனுப்பியிருக்கலாம். கூட்டத்தில் வைத்துத்தான் கவரைப் பிரிக்கவேண்டும் என்பது வழக்கம். வந்திருந்தது ஒரே கவர். குமாஸ்தா அருணகிரி அதைப் பிரித்து, பெயர், தகப்பனார் பெயர், வயசு, விதவை என்று சந்தையில் ஏலம் கூறுகிற மாதிரி வாசித்தான். நீ சித்தி வீட்டில் துணைக்கு இருப்பதாகத்தான் நான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். வைஸ் பிரசிடெண்டு பச்சமுத்து என்னைப் பார்த்து, "ஏனுங்க, அம்மிணி சித்தி ஊட்டுல இருக்குதுன்னு சொன்னீங்களே" என்றார். எனக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றியது.

பிரசிடெண்டின் தங்கையைப் போர்டு வேலைக்கு எடுப்பது சட்டப்படி சரியில்லை என்று சொல்லி உன் விண்ணப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். மறுபடியும் விளம்பரம் செய்யப் போகிறோம். என் நிலைமையை நீ புரிந்துகொள்வாய். உனக்கு இங்கே என்ன குறை? சோறு இல்லையா, துணி இல்லையா? படித்தது போதும், வீட்டுக்கு வந்து சேர்.

இப்படிக்கு,
மயில்சாமி


சேலம்
ஆடி 6 (21-7-1937)

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிடாரிக்கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவில்லை.

சட்டம் என்று எழுதியிருந்தீர்களே, எனக்கும் சந்தேகமாக இருந்தது. லேடி டாக்டர் அம்மாளின் தகப்பனார் வக்கீல். அவரிடம் விசாரித்தேன். பிரசிடெண்டுக்கு வேண்டியவர் விஷயம் கூட்டத்துக்கு வந்தால் பிரசிடெண்டு நாற்காலியை விட்டு இறங்கி வெளியே போய்விடவேண்டுமாம். உள்ளே இருக்கிறவர்கள் நல்லது கெட்டது பார்த்து முடிவு செய்வார்களாம். ஆக, வெளியே போகவேண்டியது நீங்கள். நீங்கள் உட்கார்ந்துகொண்டு என் கவரை வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

அண்ணா, நான் சித்தி வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியது இல்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போய் நான் திருச்செங்கோட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தபோது என்னைக் கை நீட்டி இறக்கியவர் நீங்கள். அதை உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன். அதன் பிறகு பின்கட்டு அறையில் வருஷக்கணக்கில் இருந்தேன். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் கதவை நானே சாத்திக்கொள்ளப் பழகிக்கொண்டேன். நீங்கள் சாத்தச் சொன்னதில்லை, திறக்கச் சொன்னதும் இல்லை. சோறும் துணியும் எனக்குக் குறைவாக இருந்தது என்று யார் சொன்னார்கள்?

இங்கே ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் வெள்ளைச் சீலைதான். யாருக்குப் புருஷன் இருக்கிறான், யாருக்கு இல்லை என்று சீலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வலியில் இருக்கிறவள் யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

இரண்டாவது விளம்பரத்துக்கும் கவர் அனுப்புவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சௌந்திரம்


சேலம்
ஆவணி 9 (25-8-1937)

வேலங்காட்டுப்பட்டி பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு அவர்கள் சமூகத்துக்கு, சேலம் சௌந்திரம் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தங்கள் இரண்டாவது விளம்பரத்தைக் கண்டேன். முதல் விளம்பரத்தில் இல்லாத ஒரு நிபந்தனை இதில் சேர்ந்திருக்கிறது. விண்ணப்பிக்கிறவர் கணவனோடு வாழும் சுமங்கலியாக இருக்கவேண்டுமாம். சாப்பாட்டுக்கூடத்தில் ஒருத்தி இதைச் சத்தமாக வாசித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். அது என் ஊர் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

என்னோடு படித்தவர்களைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது. பாதிப்பேர் என்னைப்போல் தாலி இழந்தவர்கள். மற்றவர்கள் கல்யாணம் ஆகாத கிறிஸ்தவப் பெண்கள். ஒருத்திக்குப் புருஷன் இருக்கிறான், ஆனால் அவன் கொழும்புக்குப் போய் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். வீட்டில் புருஷன் உள்ளவளை வேளை கெட்ட வேளையில் ஊர்ப் பிரசவத்துக்கு யார் அனுப்புவார்கள்? தங்களுக்கு வேண்டிய மருத்துவச்சி எந்த ஊரிலும் கிடைக்கமாட்டாள். ஒருத்தியை வரவிடாமல் தடுப்பதற்கென்றே எழுதிய விளம்பரம் இது. அந்த ஒருத்தி நான்தான் என்பது இரண்டு பேருக்குத் தெரியும்.

இத்துடன் என் விண்ணப்பத்தை மீண்டும் வைத்திருக்கிறேன். கெங்கவல்லியில் பிரசவ விடுதி ஒன்று திறக்கிறார்கள், அங்கே வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஐப்பசி பிறக்கும்வரை தவணை வாங்கியிருக்கிறேன். தங்கள் பதிலைப் பார்த்துத்தான் அவர்களுக்கு எழுதவேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
சௌந்திரம்


வேலங்காட்டுப்பட்டி
புரட்டாசி 20 (6-10-1937)

அம்மிணிக்கு அண்ணன் எழுதுவது.

சமூகம், விண்ணப்பம், கீழ்ப்படிந்துள்ள என்றெல்லாம் எனக்கு எழுதாதே சாமி. அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நிபந்தனையை எழுதியது என் கைதான். பச்சமுத்து சொன்னார், நான் எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாம்.

விளம்பரத்துக்கு உன் கவரைத் தவிர ஒன்றும் வரவில்லை. உன் நங்கை விஷயத்தைக் கேட்டுவிட்டு, சோற்றில் கை வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வெளம்பரத்துக்கு ஒரு சுமங்கலியும் வரலீனா, எனக்கு யாருங்க வருவா?" என்றாள். அவள் என்னிடம் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் கூட்டம் போட்டோம். உன் கவரைக் கையில் எடுத்ததும் நான் நாற்காலியை விட்டு இறங்கி வெளியே போய்ப் புளியமரத்தடியில் நின்றேன். அந்தத் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும், ஏனுங்க பிரசிடெண்டு வெளியே நிற்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். என் தங்கச்சி மருத்துவச்சிக்குப் படித்திருக்கிறாள், அவள் விஷயம் உள்ளே பேசுகிறார்கள் என்று ஒவ்வொருத்தருக்கும் சொன்னேன். சித்தி வீட்டுக் கதை அதோடு முடிந்தது. சொல்லச் சொல்ல எனக்குச் சுமை இறங்கியது.

உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்வது என்று தீர்மானம் ஆகிவிட்டது. சுமங்கலி நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். பச்சமுத்து ஒன்று மட்டும் சேர்க்கச் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். பிரசவமாகும்போது குழந்தையை முதலில் ஒரு சுமங்கலி கையில் ஏந்தவேண்டும், அதற்குப் பிறகு நீ தொடலாம். ஊருக்காக ஒரு சமாதானம், அவ்வளவுதான். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பச்சமுத்து கையெழுத்துப் போட்ட உத்தரவு இத்துடன் இருக்கிறது. உடனே புறப்பட்டு வா.

மயில்சாமி


கெங்கவல்லி
ஐப்பசி 18 (3-11-1937)

அன்புள்ள அண்ணாவுக்கு சௌந்திரம் வணக்கம்.

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டிருப்பீர்கள். உங்கள் உத்தரவை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பச்சமுத்து அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் புளியமரத்தடியில் நின்றதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு அழுகை வந்தது. எனக்காக நீங்கள் வெளியே வந்து நின்றது, வண்டியிலிருந்து பெட்டியை இறக்கிய நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஆனால் தீர்மானத்தில் சேர்த்திருக்கிற அந்த ஒரு வரியோடு நான் வேலை பார்க்க முடியாது. குழந்தையின் தலை வரும்போது அதைத் தாங்குகிற கையும், கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் அதை விலக்குகிற கையும் ஒரே கைதான். சுமங்கலிக்கு ஆள் அனுப்பிவிட்டு நான் கை கட்டிக்கொண்டு நிற்பதா? நங்கையின் முதல் குழந்தைக்கு மூச்சு வருவதற்கு இருந்த நேரம் எவ்வளவு என்று அவளைக் கேளுங்கள். உங்களுக்குச் சமாதானம் என்று தோன்றியது, எனக்கு அது பின்கட்டுக் கதவைப் பிரசவ அறைக்கும் கொண்டுவந்து மாட்டியதுபோல் இருந்தது.

கெங்கவல்லியில் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. "மழைக்காலத்துல ஆத்துல தண்ணி வந்தா அக்கரைக்கு வருவியாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நீச்சல் தெரியும் என்றேன். யார் பழக்கியது என்றும் சொன்னேன். வந்த வாரத்திலேயே ஆண்டி என்பவருடைய மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தத் தாய் என் கையை விடவே இல்லை.

நங்கைக்கு வளையல் போட்டுக் கட்டுச்சோற்று விருந்தும் முடிந்தது என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சொல்லியனுப்பவில்லை. வழக்கம் தெரிந்தவள்தானே நான், அதற்குக் கோபமில்லை. வருத்தம் உண்டு, அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நங்கைக்கு இது ஒன்பதாம் மாதம். போர்டு மருத்துவச்சியாக நான் வரமாட்டேன். தங்கையாக வருகிறேன், லீவு கேட்டு வைத்திருக்கிறேன். எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் வீட்டில் பிறக்கிற குழந்தையை முதலில் என் கையில்தான் ஏந்துவேன், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். நங்கையையும் கேட்டுச் சம்மதம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் எழுதவேண்டாம். நானே புரிந்துகொள்கிறேன், நமக்குள் அதைப்பற்றிப் பேச்சும் வேண்டாம்.

அன்புள்ள,
சௌந்திரம்


வேலங்காட்டுப்பட்டி
ஐப்பசி 23 (8-11-1937)

அம்மிணிக்கு,

உன் நங்கையிடம் கேட்டேன். கேட்டதற்கே என்னைக் கோபித்துக்கொண்டாள். பின்கட்டு அறையை அவளே நின்று காலி பண்ணச் சொல்லி, உனக்கு முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறாள்.

போர்டுத் தீர்மானம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்த வரியை எடுக்கவேண்டும் என்று அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தோற்றாலும் தோற்பேன். பச்சமுத்து இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உன் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, மூன்றாம் விளம்பரமும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆத்தூரில் பஸ் ஏறி ராசிபுரத்தில் இறங்கு. வண்டியோடு நான் நிற்பேன். ஆள் யாரையும் அனுப்பவில்லை, நானே ஓட்டி வருகிறேன். அன்றைக்கு ஊரில் சந்தை. ஏரிக்கரைப் பாதையில் கூட்டமிருக்காது, சுருக்காகவும் வந்துவிடலாம். ஆனால் நாம் சந்தைத் தெரு வழியாகவே போவோம். நீ பின்னால் கூண்டுக்குள் உட்காரவேண்டாம், முன்னால் என் பக்கத்தில் உட்கார்.

கிடாரிக்கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ வந்து வை.

உன் அண்ணன்,
மயில்சாமி