நாலு மணி நேர உத்தியோகம்

ஜனவரி 11, 2025, சனி

இவர் லீவில் வந்து இன்றோடு நாலு நாள். வரும்போது வழக்கம்போல முந்திரிப் பாக்கெட்டும் குளிர் சட்டையும் கொண்டு வந்தார். கூடவே ஒரு தாள். ஆகஸ்டோடு பட்டாளத்தில் இருபத்துநாலு வருஷம் முடிகிறதாம். இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பு வேண்டுமா வேண்டாமா என்று, லீவு முடிந்து திரும்பியதும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"வேணும்னு எழுதிர வேண்டியதுதான்" என்றார், பல் துலக்கிக்கொண்டே.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். லீவு நாட்களை மட்டும் கூட்டினால் நாங்கள் சேர்ந்து இருந்தது மூன்று வருஷம்கூட வராது. இதை நான் சொல்லவில்லை. "வந்துருங்களேன். உங்க பென்சன் இருக்கு, என் சம்பளம் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

சிரித்தார். "நாலு மணி நேர வேலை. உக்காந்து தபால் கார்டு விக்கிறதுக்கு இம்புட்டு குடுக்குறானேன்னு சந்தோசப்படு."

ராத்திரி சோறும் ரசமும் மட்டும். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை. எல்லையில் பழகியவர், சமாளிப்பார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சண்டைக்கு விடுமுறை.

ஜனவரி 16, வியாழன்

எட்டாவது சம்பளக் கமிஷன் அறிவித்துவிட்டார்கள். டிவி முன்னால் இவர் எழுந்தே நின்றுவிட்டார். ஒரு மணி நேரத்தில் பதினோரு போன். ஜம்முவிலிருந்து ஒருத்தன், அசாமிலிருந்து ஒருத்தன். எல்லோரும் இந்தியில் கூட்டல் போடுகிறார்கள்.

"ஒனக்கும் கூடும்ல?" என்று பெரிய மனசோடு கேட்டார்.

கூடாது. நான் ஜி.டி.எஸ்., அதாவது கிராமின் டாக் சேவக். கிராமத்துக் கிளைத் தபால் ஆபீசை நடத்துகிற போஸ்ட்மாஸ்டர். என்னிடம் இருப்பது அரசாங்க முத்திரை, அரசாங்கப் பூட்டு. வாங்கிக்கொள்வது அரசாங்கத் திட்டு. சம்பளம் என்று வரும்போது மட்டும் நான் முழு அரசு ஊழியர் இல்லை. கமிஷன் எங்களை எண்ணுவதில்லை, எங்களுக்கென்று எப்போதாவது தனிக் கமிட்டி போடுவார்கள். பென்ஷனும் அவரைப்போல் கிடையாது.

எரிச்சலில் அவருடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மிலிட்டரி சர்வீஸ் பே என்று தனியாக ஐயாயிரத்து இருநூறு.

"இது எதுக்குங்க?"

"கஷ்டத்துக்கு."

"ஸ்டோர்ல உக்காந்து ரொட்டி எண்ணுற வேலைன்னுதானே எப்பவும் சொல்வீங்க? எண்ணுறதுல என்னங்க கஷ்டம்?"

டிவி சத்தத்தைக் கூட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

இன்று ஆபீசில் சர்வர் இல்லை. சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். பட்டாளத்தான் இருபத்துநாலு மணி நேரமும் டூட்டி என்று அவர்தானே சொல்வார்? அவர் சம்பளத்தை மாசத்து மொத்த மணி நேரத்தால் வகுத்தேன். மணிக்குத் தொண்ணூற்றாறு ரூபாய். என் சம்பளத்தை அவர் சொன்ன அதே நாலு மணி நேரத்தால் வகுத்தேன். மணிக்கு நூற்றித் தொண்ணூற்றிரண்டு!

சரியாக இரண்டு மடங்கு. வீட்டுக்கு வந்து தாளை நீட்டினேன். "மணிக்கணக்குல பாத்தா இந்த வீட்டுல நான்தான் ஆபீசர். எந்திரிச்சு சல்யூட் அடிங்க."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது.

"அப்ப நாலு மணி நேரந்தான் வேலைன்னு ஒத்துக்கிட்ட!"

ஐயோ. என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பட்டாளத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டாளிகளுக்குக் காட்டுவாராம்.

ஜனவரி 19, ஞாயிறு

சர்ச் பூசையில் முழங்காலிட்டிருந்தபோது ஒரு யோசனை வந்தது. அந்த இடத்தில் வந்திருக்கக் கூடாத யோசனை. ஆண்டவர் மன்னிப்பார்.

ஜனவரி 20, திங்கள்

காலை ஏழு மணிக்கு வாசற்படியில் "அம்மா!" என்று உட்கார்ந்தேன். கணுக்கால் சுளுக்கு. பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டேன்.

டெலிவரி பார்த்த முனீர் டவுனுக்கு மாற்றலாகி எட்டு மாதம் ஆகிறது. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அந்த வேலையும் என் தலையில்தான். இது அவருக்குத் தெரியும். தெரிவது வேறு, பார்ப்பது வேறு. "நீங்க வண்டி மட்டும் ஓட்டுங்க. நாலு மணி நேரந்தானே" என்றேன்.

நத்தம் பஸ்ஸில் தபால் பை வந்தபோது பத்தேகால். பன்னிரண்டரை வரை கவுண்டர். பணம் எடுக்க வந்தவர்கள் பதினேழு பேர், பணம் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்க வந்தவர்கள் இருபது பேர். பேங்கிலிருந்து வந்த நோட்டீசைப் படிக்கச் சொல்லி ஒருவர், படித்ததும் என்னோடு சண்டைக்கு வந்தார். இவர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பட்டுவாடா. புளியந்தோப்பு வழியாக ஆறு குக்கிராமம். பின் சீட்டில் நான், முன்னால் பதினாலு கிலோ பார்சல். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நான் இறங்க முடியாமல் முனக, இவர் பெயரைக் கூப்பிட வேண்டும். பரேடு மைதானத்துக் குரல். "முனியப்பன்!" என்று ஒரு தடவைதான் கத்தினார். தெருவே வெளியே வந்துவிட்டது. முனியப்பன் மட்டும் வரவில்லை, பின் கதவு வழியாகத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டார். போலீஸ் என்று நினைத்தாராம். அவரைப் பிடித்து ஆதார் கார்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க அரை மணி நேரம்.

வீடு திரும்பும்போது ஐந்தே முக்கால். வந்ததும் பாயில் விழுந்தார். "இன்னும் கணக்கு முடிக்கணுங்க" என்றேன் மென்மையாக.

ஜனவரி 21, செவ்வாய்

கால் வலி நீடிக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

மெயில் ஓவர்சியர் அழகர்சாமி சார் திடீர் சோதனைக்கு வந்தார். வெளி ஆளை வைத்து வேலை வாங்குகிறேன் என்று எழுதிவிட்டால்? வண்டிதான் ஓட்டுகிறார், தபால் எல்லாம் என் கையால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சார் இவரிடம் "நீங்க?" என்று கேட்டார். "ஹவில்தார் சகாயராஜ்." அவ்வளவுதான். அழகர்சாமி சார் எழுந்து கை கொடுத்தார். என் நாற்காலியை இழுத்து இவருக்குப் போட்டார். பனிமலை, துப்பாக்கி என்று செத்த நேரம் பேச்சு.

"ஏம்மா, சாருக்கு ஒரு டீ சொல்லக் கூடாதா?"

பதினாறு வருஷமாக இந்த ஆபீசில் இருக்கிறேன். என்னை "டீ சாப்ட்டியாம்மா" என்று இந்த மனுஷன் ஒரு நாள் கேட்டதில்லை. கட்டுப் போட்ட காலோடு நின்றுகொண்டே டீ சொன்னேன். இவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "அவங்க ஆபீஸ் சார்" என்றார். அதற்காக இன்று மீன் குழம்பு.

ஜனவரி 29, புதன்

எழுதலாமா வேண்டாமா?

மாயக்காள் ஆயிரம் ரூபாய் எடுக்க வந்திருந்தாள். ரேகை மெஷின் அவளை எப்போதும் ஏற்காது. நாற்பது வருஷம் புளி உடைத்த விரல், ரேகை தேய்ந்து வழவழப்பாக இருக்கும். எங்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. விரலைத் தலைமுடியில் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பசையோடு வைத்தால் சில சமயம் எடுத்துக்கொள்ளும். தேய்த்துத் தேய்த்து ஏழாவது தடவை எடுத்துக்கொண்டது.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, உங்களுக்கும் ஒரு கணக்கு ஆரம்பிக்கிறேன். வைங்க விரலை" என்றேன். வைக்க மாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்து வைத்தேன்.

பொருந்தவில்லை. வலது கட்டைவிரல், ஆள்காட்டி, நடு விரல். ஒன்றும் பொருந்தவில்லை. விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தேன். மெழுகு மாதிரி இருந்தது. நகத்தால் கிள்ளினேன். அவருக்குத் தெரியவே இல்லை.

மாயக்காள் எட்டிப் பார்த்தாள். "ஏன்த்தா, ஒன் வீட்டுக்காரரும் புளி உடைக்கவா போனாரு?"

"பனி" என்றார் இவர்.

அவர் தலையில் எண்ணெயும் இல்லை, முடியும் அவ்வளவாக இல்லை. அவர் விரலைப் பிடித்து என் தலையில் தேய்த்தேன், எல்லோர் முன்னாலும். இடது கை மோதிர விரலை மெஷின் ஏற்றுக்கொண்டது.

ஜனவரி 30, வியாழன்

ஒன்பது வருஷமாச்சாம். பனிமலை மேலே ஒரு காவல் போஸ்ட்டில் மூன்று மாசம். விரலெல்லாம் பனியில் உறைந்து ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். அப்போதெல்லாம் போனில் என்ன சொன்னார்? "ஸ்டோர்ல ரொட்டி எண்ணிக்கிட்டு இருக்கேன்." நானும் நம்பி, "நல்லா தின்னுட்டுத் தூங்குங்க"ன்னு சொல்லியிருக்கேன்! சட்டைப் பொத்தானைப் போட எம்புட்டு நேரம் எடுப்பாரு, கொதிக்கிற டம்ளரைச் சும்மா பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. நான் கேலிதானே பண்ணேன்? அழுகை வருது. கோபமும் வருது. யார் மேல?

பிப்ரவரி 2, ஞாயிறு

பேசினோம். அந்த ஐயாயிரத்து இருநூறைப் பற்றி இனி வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். "தொறக்கலாம். ஆனா அதுல பாதி மாயக்காளுக்குக் குடுக்கணும்னு கேளு. அவ வெரலும் தேஞ்சதுதானே" என்றார். அவருக்குக் கிடைப்பதில் ஒரு பைசா குறைய வேண்டும் என்று நான் எந்த நாளும் நினைத்ததில்லை. என் வேலையையும் முழு வேலை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். கமிஷன் சொல்லாவிட்டால் போகிறது, வீட்டில் இருப்பவர் சொன்னால் போதும். இதையும் சொன்னேன்.

"அதான் தெனமும் வண்டி ஓட்டுறேன்ல" என்றார். நீட்டிப்பைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டுமென்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பிப்ரவரி 8, சனி

திண்டுக்கல் ஸ்டேஷனில் வண்டி ஏற்றிவிட்டு வந்தேன். நொண்டிக்கொண்டேதான் போனேன், இருபது நாளாகப் பழகிவிட்டது. வண்டி நகரும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"போய்ட்டு வாரேன். அடுத்த தடவ கட்டு போட்டா ஒரே கால்ல போடு."

"என்னது?"

"திங்கக்கெழமை இடது கால். செவ்வாக்கெழமையில இருந்து வலது கால்."

பிளாட்பாரத்தில் அப்படியே நின்றேன். இரண்டாம் நாளே தெரிந்திருக்கிறது! தெரிந்தும் மூன்று வாரம் வண்டி ஓட்டியிருக்கிறார்.

மார்ச் 12, புதன்

வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. அந்தத் தாள். நீட்டிப்பு வேண்டாம் என்று எழுதி, கீழே கையெழுத்து. கூடவே ஒரு வரி: "ஆபீசருக்குத் தெரிவித்துக்கொள்வது."

மாயக்காளிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வந்துவிட்டார். இரண்டு டிரங்குப் பெட்டி. இந்தத் தடவை திரும்பிப் போகும் டிக்கெட் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பத்து நாள் சேர்ந்தாற்போல லீவு போட்டிருக்கிறேன். எங்களுக்கு லீவு வேண்டுமென்றால் மாற்று ஆளை நாங்களே காட்ட வேண்டும். காட்டினேன். முன்னாள் ஹவில்தார் சகாயராஜ். மேலிடத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. காலையில் மடிப்புக் கலையாத சட்டையோடு கிளம்பினார். நான் பத்தேகாலுக்கு, பை வரும் நேரத்தில், திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 20, வியாழன்

ஆபீசிலிருந்து ஆறு போன். சர்வர் இல்லையாம். முனியப்பன் மறுபடி ஓடிவிட்டாராம்.

டிசம்பர் 1, திங்கள்

லீவு முடிந்து நான் மறுபடி கவுண்டரில். மாற்று ஆளுக்கான சம்பளம் அவர் கணக்கில் ஏறியிருந்தது. எவ்வளவு என்று வீட்டிலேயே சொல்லியிருப்பேன். அவர்தான் முறைப்படி வரிசையில் வந்து எடுப்பேன் என்று மாயக்காளுக்குப் பின்னால் நின்றார். முறை வந்ததும் கேட்காமலே குனிந்து, விரலை என் தலையில் தேய்த்து, மெஷினில் வைத்தார். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது.

நோட்டுகளை வாங்கி எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். காலையில் எட்டரைக்குப் போய் ஆறு மணிக்கு வந்த பத்து நாளுக்கானது அது.

"இம்புட்டுதானா?"

"நாலு மணி நேர வேலைதானேங்க" என்றேன், முத்திரை குத்திக்கொண்டே.

பர்ஸைத் திறந்து, ஜனவரியில் நான் எழுதிக் கொடுத்த அந்தக் கணக்குத் தாளை எடுத்தார். நாலாக மடித்தே வைத்திருந்தார். கவுண்டர் பேனாவை வாங்கி, நாலு மணி நேரம் என்று இருந்த இடத்தை அடித்து மேலே ஒன்பது என்று எழுதி, மேசை மேல் என் பக்கம் தள்ளினார். பிறகு "தள்ளிக்கங்க, அடுத்த ஆளு நிக்கிறாங்க" என்று, பணம் வாங்கியும் நகராமல் நின்ற மாயக்காளை அதட்டிவிட்டுப் போனார்.

தாள் இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. நாளைக்கும் கொஞ்சம் கால் வலித்தால் நன்றாக இருக்கும். எந்தக் கால் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்கிறேன்: இடது.