மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்த கட்டை

குத்துக்கல்வலசை,
ஆடி 6, வியாழன்

அன்புள்ள அத்தானுக்கு முத்துலட்சுமி எழுதுவது.

பிள்ளையும் நானும் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்துட்டோம். இப்பம் மூச்சு சீரா இருக்கு, பால் குடிக்கான். அங்கன பட்டாளத்துல, மலை மேல பனி எப்படி இருக்கு? சாப்பாட்டை விட்டுராதிய. போன்ல பேசுனா, சரி விடு, பெருசாக்காதன்னு வச்சிருதிய. அதான் எழுதுதேன். இதைப் பாதியில கட் பண்ண முடியாதுல்லா.

இந்த வருசம் குத்தாலச் சாரல் விட்டபாடில்லை. ரெண்டு மாசப் பிள்ளைக்கு வெந்நி போடணும், ரூம்ல கணப்புச் சட்டி வைக்கணும். ஒரு ஹீட்டர் வாங்குவோம்னு சொன்னேன். அக்கா வீட்டுக்காரர் மர மில்லு வச்சிருக்கும்போது ஹீட்டர் எதுக்குன்னு நீங்கதான் சொன்னிய. பலவேசம் அண்ணனும் புளியறை மில்லுல இருந்து ஒரு குட்டியானை வண்டி நிறையத் துண்டுக்கட்டை அனுப்பினாரு. எல்லாம் ரப்பர் மரம்.

தீ நல்லாத்தான் பிடிச்சுது. புகைதான் கண்ணைக் கரிச்சுது. அந்த நெருப்பையே சட்டியில அள்ளிப் போட்டு, சாம்பிராணி தூவி, குளிச்ச பிள்ளைக்குக் காட்டுவோம். கட்டை படபடன்னு வெடிக்கும், பிள்ளை வீறிட்டு அழுவான். உங்க அம்மா, எப்படி வெடிக்கு பாரு, அம்புட்டும் ஊர்க்கண்ணு, இன்னும் ரெண்டு சுத்து காட்டுட்டின்னாங்க. நானும் நம்பிக் காட்டினேன். பதினோரு நாள் காட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் உதடு நீலமாப் போச்சு. தூக்கிட்டு ஓடினேன். மூணு நாள் அந்தச் சின்ன மூஞ்சியில மாஸ்க்கை வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மில்லுல வேலை பாக்குத இசக்கி பிள்ளையைப் பாக்க வந்தான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூச்சி அரிக்காம இருக்க மருந்துத் தொட்டியில முக்கி எடுத்த மரமாம் அது. டீ போடக்கூட அந்தக் கட்டையை அவங்க தொட மாட்டாங்களாம். தனியாக் குமிச்சுப் போட்டிருந்ததை பலவேசம் அண்ணன்தான் நம்ம வீட்டுக்கு ஏத்தச் சொன்னாராம். நல்ல கட்டை செங்கல் சூளைக்கு விலைக்குப் போயிருக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரா மில்லுக்குப் போனேன். ஓசியில வாங்கிட்டு என்ன பேச்சுன்னாரு. உங்க மருமகன் மூச்சும் ஓசியில வந்ததான்னு அத்தனை பேரு முன்னாலயும் கேட்டேன்.

இப்பம் குடும்பமே என்னைத்தான் ஏசுது. உங்க அக்கா உமாராணி மதினி பேச்சை நிறுத்திட்டாங்க. நாளைக்குப் பண்பொழி மலைக்கோயில்ல வச்சு அவருகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமாம். நீங்களும் போன்ல அதையேதான் சொன்னிய. மில்லுக்காரர் மனசு நோகக் கூடாது. நான் மட்டும் கல்லா? இதைவிடக் கேளுங்க. கொல்லையில இன்னும் பாதிக் கட்டை கிடக்கு. அது வீணாப் போகுதேன்னு, எதிர்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்க சமீனாவுக்குக் குடுத்துருவோம்னு உங்க அம்மா சொல்லுதாங்க. கட்டையை மூடியிருந்த தார்ப்பாய் மேல ஏறி உக்காந்துட்டேன். எடுக்க விடலை.

அத்தான், ரெண்டு காரியம் செய்யுங்க. அந்தக் கட்டை இனிமே ஒரு வீட்டுக்கும் போகக் கூடாதுன்னு பலவேசம் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. கொல்லையில கிடக்கதை அவரே வந்து அள்ளிட்டுப் போகணும்.

மன்னிப்புக் கேக்க எனக்கு ஒண்ணும் கவுரவக் குறைச்சல் இல்லை. சட்டியைக் காட்டினது என் கைதான். பிள்ளை அழுதழுது வேண்டாம்னு சொன்னான், பெத்தவளுக்கு விளங்கலை. அவன்கிட்ட தினமும் கேக்கேன். வேற யாருகிட்டயும் கேக்க மாட்டேன்.

பண்பொழிக் குமாரசாமி உங்களை நோய் நொடி இல்லாம வச்சிருக்கட்டும். எங்க பக்கம் நில்லுங்க அத்தான்.

இப்படிக்கு,
உங்க மகனோட அம்மா
முத்துலட்சுமி