நாளை கடலூர் போகும் கார்

அமிர்தம்,

கார் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறேன். சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவேன். இடஒதுக்கீட்டு மறியலில் அறிவழகனைப் போலீஸ் பிடித்துப் போன அன்று கொட்டகையில் விட்ட கார். மூன்று மாதத்தில் நான்கு சக்கரத்திலும் காற்று இல்லை.

பதினோரு மணிக்குத் தியாகதுருகத்திலிருந்து மெக்கானிக் சாதிக் வருவார். சாவி அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. நேற்றே பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தாங்க கீது, எலிதான் ஒயரைக் கடிச்சிக்கினு கீது" என்றார். அவருக்குச் சோறு போடு. நாளை ஜெயில் வாசல் வரை அவர்தான் ஓட்டுவார்.

பின் சீட்டில் உன் கருங்கோழி அடைகாக்கிறது. நாளை நீ உட்கார வேண்டிய இடம். நீயே அதைத் தூக்கி மாற்று. என்னைக் கொத்துகிறது.

"ஜாமீன்ல வர்றவன் பஸ்ஸுல வரட்டும், வழி தெரியாதா?" என்று நான் சொன்னது தப்பு. "நீயெல்லாம் ஒரு அப்பனாய்யா?" என்று நீ கேட்டாய். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவனுடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வை.

கண்ணாயிரம்

சொல்ல மறந்தது: சாதிக் தன் கால் எட்டுவதற்காக முன் சீட்டை முன்னே தள்ளியிருந்தார். நான் அதைப் பின்னுக்கு இழுத்து, அறிவழகன் வைத்திருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். போகும்போது சாதிக் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்ளட்டும், எடுத்து வை. வரும்போது நம் பையன் ஓட்டட்டும். எப்போதும் போல் பின்னால் இல்லை, இந்த முறை நான் அவன் பக்கத்தில் உட்காருகிறேன்.