கல்லில் வந்த ஊதா

1-3-43, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஆவடிக்குப் போகும் பட்டாள லாரிப் புழுதி, பூவிருந்தவல்லி ஆஸ்பத்திரி லேப் வரைக்கும்.

டம்ளர் உடைந்ததிலிருந்து சோதனைக் கிண்ணத்தில்தான் காபி சுட வைக்கிறேன். இன்று பாதி சுண்டிப்போச்சு. லேபில் என்னோடு வேலை பார்க்கும் சூசைக்கு நீட்டினேன். "வேணாண்ணே, நான் காபியே தொடறதில்ல." மோர்தான் குடிப்பானாம். நல்லபிள்ளை!

அப்புறம் நூம்பல் விவசாயி ஒருவரின் சிறுநீரகக் கல். டாக்டர் வழக்கம்போல் பொடித்து, எங்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. நைட்ரிக் அமிலத்தில் சுண்டவைத்து ஒரு சொட்டு அம்மோனியா. ஊதா வந்தால் யூரிக் அமிலக் கல்.

எனக்கு வரவில்லை. சூசைக்கு வந்தது, கத்திரிப்பூ மாதிரி. டாக்டர் அவன் முதுகில் தட்டினார். பட்டணத்துப் பயிற்சிக்கு எங்களில் ஒருவனைத்தான் அனுப்புவார். நான் ஏழு வருஷம், அவன் எட்டு மாசம். வயிறு எரிகிறது.

2-3-43, செவ்வாய்

வாங்க வேண்டியது: சோப்பு, நீல மை, தங்கைக்கு ரிப்பன்.

நூம்பல்காரருக்கு டாக்டர் விளக்கினார். ஈரல், கறியில் ப்யூரின் உண்டு, உடம்பு அதைச் சிதைத்து யூரிக் அமிலமாக்கும், நிறுத்தணும். "இன்னா சார் நீ, ஈரல் துன்னாம எப்டி ஏர் ஓட்றது?"

சாப்பாட்டு வேளையில் புஸ்தகம் புரட்டினேன். காபியில் இருக்கும் கஃபீனும் ப்யூரின் வகையறாதானாம். அதே சோதனைக்கு அதே ஊதா!

காபிக்கு நான் மாற்றி மாற்றி எடுக்கும் இரண்டு கிண்ணங்களில் ஒன்றைத்தான் சூசை எடுத்திருக்கிறான். மற்றது அலமாரியில். அடியில் பழுப்பு வளையம். கல் போடாமலே சோதித்தேன். ஊதா. மாட்டினான் பயல்.

3-3-43, புதன்

சூசையை வைத்துக்கொண்டே டாக்டரிடம் சொன்னேன். "சார், அது கல்லோட ஊதா இல்ல. காபியோடது."

மிச்சமிருந்த கல்பொடியைப் புதுக் கிண்ணத்தில் போட்டு அவரே மறுபடி செய்தார். ஊதா இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சூசை காபி குடிக்கமாட்டானே. கிண்ணத்துல காய்ச்சினது யாரு?"

நான் கிண்ணங்களை அடுக்க ஆரம்பித்தேன். சூசைக்குத் தெரியும். என்னைப் பார்க்கக்கூட இல்லை. "கழுவாம எடுத்தது என் தப்பு சார்."

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நூம்பல்காரர் ஈரல் சாப்பிடலாம். பயிற்சிக்குச் சூசை.

வாசலில், "உடுங்கண்ணே, யார்கிட்டயும் சொல்லல" என்றான். அடித்திருந்தால்கூடத் தேவலை. தப்பை ஒப்புக்கொள்வதிலும் அவனே முந்திக்கொண்டான், அதுவும் என் தப்பை.